கதவு எந்த மரம்?

மூன்றாம் மாடி வீட்டின் துணி அலமாரிக்குள்ளிருந்து தினமும் மாலை ஆறு நாற்பதுக்கு யாரோ மூன்று முறை கதவைத் தட்டினார்கள். இது பதினோரு வருடம் நடந்தது. முதல் வாரம் மட்டும் மற்ற வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். அலமாரியைத் திறந்தால் மூன்று தட்டுகளில் மடித்த துணிகளும் கீழே ஓர் இஸ்திரிப் பெட்டியும் இருந்தன. துணிகள் லேசாக ஈரமாக இருந்தன. பின்பலகையில் காதை வைத்தால் மழைச் சத்தம் கேட்டது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் மாடிப்படி. மாடிப்படியில் மழை பெய்யவில்லை என்பதையும் பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். இரண்டாவது மாதத்தில், கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்த தையல்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கடையைச் சாத்தப் பழகிக்கொண்டார். அவருடைய கடிகாரம் நாலு நிமிடம் தாமதமாக ஓடியது. தட்டுகிறவர் ஒரு நாளும் தாமதிக்கவில்லை.

காரணம் அந்த வீட்டு மகள். வேதியியல் படித்துவிட்டுக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். எந்த மாதிரியையும் இரண்டு முறை சோதித்த பிறகு "இன்னொரு தடவை பார்த்துடறேன்" என்பாள். அங்கே அவளுக்கு இன்னொருதடவை என்றே பெயர். நாலு பேர் நடுவில் பேச வேண்டுமென்றால் அவளுக்குப் பேச்சே வராது. சிலர் தோட்டம் போடுவது போல, சிலர் தபால்தலை சேர்ப்பது போல, அவள் ஓய்வு நேரத்தில் ஓர் உலகத்தை உருவாக்கிக்கொண்டிருந்தாள். அதில் இரண்டு நிலா, ஏழு மலைத்தொடர், ஓர் ஆறு, ஆற்றைக் கடக்கிற இடத்தில் ஒரு சுங்கச்சாவடி இருந்தன. கதை அந்தச் சுங்கச்சாவடியில் தொடங்க வேண்டும் என்பது திட்டம்.

இதே பொழுதுபோக்கு உள்ளவர்கள் சனிக்கிழமை மாலைகளில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த டியூஷன் வகுப்பறையில் கூடினார்கள். குழுவை நடத்தியவர் ஒரு பல் டாக்டர். அவருடைய உலகத்தில் ஓர் அரச வம்சம் இருந்தது. நானூறு ராஜாக்களுக்கும் பல்வரிசைப் படம் வரைந்து வைத்திருந்தார். பஸ் கண்டக்டர் ஒருவர் பறக்கும் திமிங்கிலங்களுக்கு நிறுத்தம் வாரியாக நேர அட்டவணை போட்டிருந்தார். கணக்கு டீச்சரின் உலகத்தில் பதின்மூன்றரை மாதங்கள். அந்த அரை மாதத்தை எங்கே வைப்பது என்பதில் அவருக்கு ஆறு வருடம் போயிருந்தது. ரொம்ப காலத்துக்கு முன்னால் டாக்டர் ஒரு பத்திரிகையில் எழுதிய கதையில் ஒரு தீவும் அதில் குதிரைகளும் வந்தன. தீவுக்குக் குதிரை எப்படி வந்தது என்று ஒரு வாசகர் கடிதம் போட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்ததுதான் குழுவின் விதி. ஒருவர் ஒரு வரி வாசிக்க வேண்டும். மற்ற ஒவ்வொருவரும் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் கொண்டுவர வேண்டும். பதிலில் கேள்வி பிறந்தால் அதற்கும் பதில் வேண்டும். கேள்விகள் தீராமல் அடுத்த வரியை வாசிக்கக் கூடாது, எழுதவும் கூடாது. குழுவின் பெருமை அவர்களிடம் ஒரு தவறுகூட இல்லை என்பது. பதினோரு வருடத்தில் எல்லோருமாகச் சேர்ந்து நான்கு வரிகள் எழுதியிருந்தார்கள். அதில் ஒன்றைக் கண்டக்டர் பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மகள் சேர்ந்த ஆறாவது வாரத்தில் எழுந்து நிற்காமல், தலை நிமிராமல், தன் முதல் வரியை வாசித்தாள். "கொட்டுகிற மழையில் ஒருத்தி வந்து கதவைத் தட்டினாள்." வாசித்து முடித்தபோது மணி ஆறு நாற்பது. வீட்டில் தனியாக இருந்த அம்மா முதல் தட்டலைக் கேட்டாள். வகுப்பறையில் பல் டாக்டர் நல்லா இருக்கும்மா என்றார். அப்புறம், "கதவு எந்த மரம்?" என்று கேட்டார்.

அவள் விஞ்ஞானம் படித்தவள். வேறோர் உலகத்துக் கதவைத் தேக்கு என்று சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. ஒரு மரத்தை உருவாக்கினாள். மரத்துக்கு மண் வேண்டியிருந்தது, மண்ணுக்குப் பாறை வேண்டியிருந்தது, பாறைக்காக ஓர் எரிமலை இரண்டு லட்சம் வருடங்களுக்கு முன்னால் வெடிக்க வேண்டியிருந்தது. அந்த எரிமலையால் காற்றின் திசை மாறியது, அதில் மழைக் கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டி வந்தது. இதற்கு நாலு வருடம் ஆனது. மரம் ஒருவழியாக முடிந்தது. கருப்பு நிறம், சாய்ந்த ரேகை, நனைந்தால் கல் மாதிரி கனக்கும். டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். அவ்வளவு கனமான மரம் என்றால் கீல் எந்த உலோகம் என்று கண்டக்டர் கேட்டார்.

இதற்குள் அந்த மழை கட்டடத்துக்குப் பழகிவிட்டது. இரண்டாம் மாடியில் நேர் கீழே இருந்தவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் வீட்டுச் சுவரில் ஈரம் இறங்கியது. மேலே வந்து மழையை நிறுத்திவிடும்படி கேட்டார். மழை முதல் வரியிலேயே இருப்பதால் நிறுத்த முடியாது, ஆனால் குறைக்கலாம் என்று மகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஏழாம் நோட்டில் மழை அட்டவணையை எடுத்து வார நாட்களில் தூறல் என்று திருத்தினாள். கீழ்வீட்டுச் சுவர் வெள்ளிக்கிழமை வரை காய்ந்தது. வெயில் காலத்தில் மற்ற வீடுகளிலிருந்து பெண்கள் வந்து அலமாரியைத் திறந்து வைத்து எதிரில் உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. ஒருத்தி, இந்த மாதத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட்டி வைக்க முடியுமா என்று கேட்டாள். ஆறாவது வருடம் அலமாரியின் அடியில் ஒரு கிண்ணம் அளவு தண்ணீர் தேங்கியது. மகள் அதைப் புட்டியில் பிடித்துக்கொண்டுபோய்ச் சோதித்தாள். கிருமி இல்லை. உப்பு குறைவு. மூன்றாம் நோட்டில் அவளே கற்பனை செய்து பெயர் வைத்திருந்த ஒரு தாது லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் இருந்தது. இன்னொரு தடவை பார்த்தாள். இருந்தது. மாதிரி எடுத்த இடம் என்ற கட்டத்தில் அலமாரி என்று எழுதினாள். மேலதிகாரி, குடிக்க உகந்தது என்று கையெழுத்துப் போட்டார்.

இதையெல்லாம் ஏற்க மறுத்தவள் அம்மா மட்டும்தான். அவள் அரசு மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மழைக்கும் தாதுவுக்கும் அவள் கவலைப்படவில்லை. வெளியே ஒருத்தி நனைந்துகொண்டு நிற்கிறாள், உள்ளே இருப்பவர்கள் திறக்கவில்லை என்பது மட்டும்தான் அவளுக்குப் பட்டது. முதல் நாளே கேட்டாள்.

"யாருடி அது?"

"இன்னும் முடிவு பண்ணலம்மா."

"பேராவது?"

"அதுக்கு முன்னாடி கதவு எந்த மரம்னு சொல்லணும்."

"ஒருத்தியை மழையில நிக்க வெச்சுட்டு மரம் பார்க்கறியாக்கும். நல்ல படிப்பு."

அன்றிலிருந்து அம்மா தினமும் ஆறரை மணிக்கு ஓர் உலர்ந்த துண்டை மடித்து அலமாரி முன்னால் நாற்காலியில் வைத்தாள். தட்டல் கேட்டதும் கதவைத் திறந்து பார்ப்பாள். மடித்த துணிகளும் இஸ்திரிப் பெட்டியும் இருக்கும். பின்பலகையைப் பார்த்து, இதோ ஆச்சும்மா, எழுதிக்கிட்டிருக்கா, என்று சொல்லிவிட்டு மூடுவாள். காலையில் துண்டை எடுத்துத் துவைப்பாள். பதினோரு வருடத்தில் ஒன்பது துண்டுகள் நைந்துபோயின, ஒன்றுகூட யாரையும் துவட்டவில்லை.

மகளுக்கு நோட்டுகள் நாற்பத்திரண்டு ஆயின. வரன்கள் வந்தன; வந்தவர்களிடம் அவள் பேசவில்லை; அவர்கள் இருந்த நேரத்தில் அலமாரி பேசியது; போய்விட்டார்கள். அவள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கேள்விகள் இருநூறைத் தாண்டின. அவளைப் போல முழுமையாகப் பதில் எழுதுகிறவர்கள் குழுவில் வேறு யாரும் இல்லை என்று டாக்டரே சொன்னார். அவளுக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு அவள் மூன்று வருடம் ஓட்டினாள்.

பத்தாவது வருடம் தட்டல் இரண்டாகக் குறைந்தது. பதினோராவது வருடம் ஒன்றானது. ஒரு புதன்கிழமை தையல்காரர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"என்னக்கா, இன்னிக்கு தட்டவே இல்லையா? நான் பாட்டுக்கு ஏழரை வரைக்கும் கடையைத் திறந்து வெச்சிருக்கேன்."

அம்மா பீரோவிலிருந்து தன் பழைய ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தாள். துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, அலமாரிக்குள் தலையை நுழைத்து, பின்பலகையில் நாலு இடத்தில் வைத்துக் கேட்டாள். மழைக்கு நடுவே ஓர் இருமல். பிறகு நீண்ட நேரம் இழுத்து இழுத்து மூச்சு. அம்மா வெளியே வந்து காதிலிருந்து குழாயை எடுத்தாள். வார்டில் பெரிய டாக்டரிடம் சொல்கிற குரலில் சொன்னாள்: "வலது பக்கம் கீழே காத்தே போகல. நிமோனியா. உள்ள கொண்டுவந்தா காப்பாத்திடலாம். இல்லேன்னா இந்த வாரம் தாண்டாது. உன் கேள்வி முடியறதுக்குள்ள அந்தப் பொண்ணு முடிஞ்சிடும்."

மகள் வியாழனும் வெள்ளியும் வேலைக்குப் போகாமல் பதில்கள் எழுதினாள். சனிக்கிழமை நாலு மணிக்கே வகுப்பறைக்குப் போய், எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருந்து, முதல் முறையாக எழுந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னாள். இன்றே இரண்டாவது வரியை எழுத அனுமதி வேண்டும் என்றாள். யாரும் அதை நம்பாமல் இல்லை. கண்டக்டரின் வீட்டு மொட்டைமாடியில் ஒரு திமிங்கிலம் மாதக்கணக்கில் நின்றிருந்தது, அவருக்கு இதெல்லாம் தெரியும். டாக்டர் பரிவோடு தன் பேரேட்டைப் புரட்டினார். இன்னும் முப்பத்தேழு கேள்விகள் நிலுவையில் இருந்தன. அதில் கடைசியாகப் பதிந்தது, கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கம் திறக்குமா என்பது. அதுகூடத் தெரியாமல் எப்படித் திறப்பது என்று கேட்டார். அவசரப்பட்டால் குதிரை விஷயம் மாதிரி ஆகிவிடும் என்றார். கண்டக்டர், அவள் தட்டுவது வலது கையா இடது கையா என்பது தன்னுடைய கேள்வி, அதற்கு இன்னும் பதில் வரவில்லை என்று நினைவுபடுத்தினார். கணக்கு டீச்சர் நல்ல மனுஷி. உதவுகிற எண்ணத்தில்தான் சொன்னார்.

"ரெண்டாவது வரியில அவ செத்துட்டான்னு வெச்சுக்கோயேன்மா. பாதிக் கேள்வி குறைஞ்சிடும்."

குழு அதை யோசித்துப் பார்த்தது. பத்தொன்பது கேள்விகள் குறையும் என்று டாக்டர் எண்ணிச் சொன்னார். மகள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கூட்டம் முடியுமுன் ஒருவர் எழுந்து போனது அந்தக் குழுவின் வரலாற்றில் அதுவே முதல் முறை. டாக்டர் அதையும் பேரேட்டில் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது ஆறு இருபது. அம்மா அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டு. பக்கத்து ஸ்டூலில் வெந்நீர், மாத்திரை, ஊசிமருந்து. மகள் தரையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். இரண்டாவது வரி அவளிடம் பத்து வருடமாகத் தயாராகத்தான் இருந்தது: சுங்க அதிகாரி எழுந்து வந்து கதவைத் திறந்தார். அதை எழுதப் பேனாவைத் திறந்தபோதுதான் பத்தொன்பதாம் நோட்டு ஞாபகம் வந்தது. அதில் அவளே எழுதிய சட்டம் இருந்தது. பொழுது சாய்ந்த பிறகு வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு பார்க்காமல் சாவடிக் கதவைத் திறக்கக் கூடாது. கதவைத் திறக்காமல் சீட்டு பார்க்க முடியாது. ஜன்னல் வைக்க அவள் மறந்திருந்தாள். இருநூறு கேள்விகளில் ஒருவரும் ஜன்னலைக் கேட்கவில்லை. அவள் பேனாவை மூடினாள். அம்மா என்னவென்று கேட்டாள். மகள் சொன்னாள்.

"சரி, சட்டத்தை மாத்து."

"அதை மாத்தினா சுங்க வரி குறையும்மா. வரி குறைஞ்சா பாலம் கட்டியிருக்க முடியாது. பாலம் இல்லேன்னா அவ இங்க வந்தே இருக்க முடியாது."

"அப்ப அந்த ஆளை விடு. என்னை எழுது. நான் போய்த் திறக்கறேன்."

"நீ அந்த உலகத்துலயே இல்லம்மா."

"எத்தனை வார்டுக்கு என்னைச் சொல்லாம கொள்ளாம மாத்திப் போட்டிருக்காங்க. ஒரு தடவையாவது போகாம இருந்திருக்கேனா? எழுதுடி."

ஆறு நாற்பது ஆனது. தட்டல் கேட்கவில்லை. பலகையில் ஏதோ உரசிக்கொண்டு கீழே சரிகிற சத்தம் மட்டும் கேட்டது. மகள் எழுதினாள். "அம்மா கதவைத் திறந்தாள்." அதை அவள் இன்னொரு தடவை பார்க்கவில்லை. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். தட்டுகள் இல்லை, இஸ்திரிப் பெட்டி இல்லை. பின்பலகை இருந்த இடத்தில் சாய்ந்த ரேகை ஓடிய கருப்பு மரக்கதவு ஒன்று இருந்தது. அது உள்பக்கமும் திறக்கவில்லை, வெளிப்பக்கமும் திறக்கவில்லை. அம்மா தள்ளியதும் பக்கவாட்டில் நகர்ந்தது. வாசலில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்த நிலையில் சரிந்து கிடந்தாள். அவளுக்குப் பின்னால் இருட்டும், இரண்டு நிலாவும், கொட்டுகிற மழையும் தெரிந்தன. அம்மா அவளைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே இழுத்துக் கதவை நகர்த்தி மூடினாள். மூடியதும் அங்கே மறுபடி பழைய பின்பலகைதான் இருந்தது. பத்தாவது துண்டு உபயோகத்துக்கு வந்தது.

காய்ச்சல் இறங்க ஒன்பது நாள் ஆனது. அம்மா ஓய்வு பெறுவதற்கு முன்பிருந்த மாதிரி நடந்துகொண்டாள். நாலு மணிக்கொரு முறை வெப்பநிலை பார்த்து அட்டையில் எழுதிக் கட்டில் காலில் மாட்டினாள். பார்க்க வந்தவர்களை நேரமாச்சு என்று அனுப்பினாள். மகளையும் ஒருமுறை அனுப்பினாள். பத்தாம் நாள் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து, தலையைத் துவட்டிய ஆளுக்கு நன்றி சொன்னாள். அன்று சாயங்காலம் மகள் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டு நோட்டுகளையும் அந்த ஒன்பது நாளில் புரட்டியிருந்தாள். மரத்தின் ரேகை இருந்தது, கீலின் உலோகம் இருந்தது, பாலத்தைக் கட்டியவனின் மாமனார் பெயர் இருந்தது. தட்டியவள் எதற்காக வந்தாள் என்பது எங்கேயும் இல்லை. குழுவில் அதை யாரும் கேட்டிருக்கவில்லை. அவளும் கேட்டிருக்கவில்லை. இப்போது கேட்டாள்.

"நீ எதுக்கு வந்தே?"

அந்தப் பெண் கொஞ்சம் சங்கடப்பட்டாள்.

"பெரிசா ஒண்ணும் இல்லக்கா. மழை. கொஞ்சம் ஒதுங்கலாம்னு தட்டினேன். விட்டதும் கிளம்பிடறேன்."

அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. குழாயில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்குப் பிறகு மூன்றாவது வரி என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மழை விட்டது என்று எழுத வேண்டும், அவள் கிளம்பிவிடுவாள். லிஃப்ட் மெக்கானிக் அதை முதலில் புரிந்துகொண்டார். ஆள்தான் உள்ளே வந்தாச்சே, இனி மழையை நிறுத்திவிடலாமே என்று நியாயமாகக் கேட்டார். நிறுத்த முடியாது என்று மகளால் இப்போது சொல்ல முடியவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, சளி இன்னும் முழுசா போகலை என்றாள். ஆறு மாதம் கழித்தும் அதையே சொன்னாள். அதற்குள் மூன்று தட்டு கழுவுவது அந்த வீட்டில் வழக்கமாகியிருந்தது. வந்தவள் சும்மா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று தையல்கடையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டாள். கைப்பழக்கம் விடவில்லை; ஆறு நாற்பது ஆனதும் பக்கத்தில் இருப்பதை மூன்று முறை தட்டுவாள். தையல்காரர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கடையைச் சாத்துவார். தட்டியது வலது கை. அதைக் கண்டக்டருக்கு எழுதித் தெரிவித்தார்கள்.

மகள் திரும்பவும் சனிக்கிழமைக் குழுவுக்குப் போனாள். விதியை மீறியதற்கு வருத்தம் தெரிவித்தாள். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது வரியைப் பற்றி, அம்மா என்றால் யாருடைய அம்மா என்று டாக்டர் கேட்டார். அவள் குறித்துக்கொண்டாள். பிறகு, மூன்றாவது வரியில் மழை விட வேண்டியிருக்கிறது, அதைப் பற்றி இப்போதே கேள்விகள் கேட்டுவிட்டால் நல்லது என்றாள். மழை சட்டென்று விடுமா, படிப்படியாகவா என்று கணக்கு டீச்சர் கேட்டார். எந்த நிறுத்தத்தில் முதலில் விடும் என்று கண்டக்டர் கேட்டார். மேகம் எந்தப் பக்கம் போகும், போன பிறகு அது என்ன ஆகும் என்று டாக்டர் கேட்டார். மேகம் போகிற திசையில் அவள் இன்னும் ஒரு கண்டத்தையே உருவாக்கவில்லை. குறைந்தது ஐந்து வருட வேலை. அவள் எல்லாவற்றையும் நிதானமாக எழுதிக்கொண்டு, தலை நிமிர்ந்து, அனைவரையும் பார்த்தாள்.

"வேற ஏதாவது கேள்வி இருக்கா?"

இத்தனை வருடத்தில் தன்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை என்று பல் டாக்டர் அன்று வீட்டில் சொன்னாராம்.

தினமும் மாலை கடையிலிருந்து மேலே வந்ததும் அந்தப் பெண் அலமாரியைத் திறந்து பின்பலகையில் காதை வைத்துக் கேட்கிறாள். இன்னும் விடலையேம்மா, விட்டதும் கிளம்பிடறேன் என்கிறாள். விடட்டும், இப்ப என்ன அவசரம், கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடு என்கிறாள் அம்மா. மகள் நாற்பத்தெட்டாம் நோட்டில் மேகங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள். கீழ்வீட்டு லிஃப்ட் மெக்கானிக் ஈரச் சுவருக்கு இரண்டு முறை வண்ணம் அடித்துப் பார்த்தார். இப்போது அந்தச் சுவரில் எதையும் மாட்டுவதில்லை.